பூட்டிய அறைக்குப் பக்கத்தில் ஓடிய ஜெனரேட்டர்

2006-ம் வருஷம், தை மாதம். அப்போது நான் விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியை. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என் தலையில் இருந்தது. எம். புதுப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் ஏழு நாள் முகாம். ஊருணியில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்வதுதான் வேலை. நாற்பது மாணவிகள். தங்குவதற்கு ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டிய சமுதாயக்கூடம் கிடைத்தது. கட்டடம் பளபளவென்று இருந்தது, கரண்டுதான் இன்னும் இழுக்கவில்லை.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று கல்லூரியில் ஒரு வாரம் பேசினோம். இயற்பியல் துறைத் தோழி, தன் துறையில் இருந்த இரண்டு சோலார் தகடுகளையும் பேட்டரியையும் தருவதாகச் சொன்னார். “பகல் வெயிலில் ஏத்திக்கிட்டா சாயங்காலம் நாலு மணி நேரம் விளக்கு எரியும். சத்தம் கிடையாது, புகை கிடையாது” என்றார். ஆனால் அதில் மைக் செட் ஓடாது, மின்விசிறி சுற்றாது, தண்ணீர் மோட்டாரும் ஓடாது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் உபயதாரர் வந்தார். அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலை முதலாளி. சமுதாயக்கூடத்தைக் காண்டிராக்ட் எடுத்துக் கட்டியவரும் அவர்தான். இன்னும் ஊராட்சியிடம் ஒப்படைக்கவில்லை, சாவி அவரிடமே இருந்தது. “ஜெனரேட்டர் நான் தாரேன் டீச்சர். டியூப்லைட், மைக், மோட்டார் எல்லாம் ஓடும். ஜாம் ஜாம்னு நடத்துங்க” என்றார். கல்லூரி முதல்வருக்கு வாயெல்லாம் பல். மைக் இல்லாமல் தொடக்க விழாவா என்றார். பழியை அவர் மேல் மட்டும் போட மாட்டேன். நாற்பது பெண்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நானும் ஜெனரேட்டருக்குத்தான் தலையாட்டினேன். தோழி கோபித்துக்கொள்ளவில்லை. “தகடு இங்கேதான் இருக்கும், வேணும்னா சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடக்க விழா. மாணவிகள் கூடத்துக்குள் பெட்டி படுக்கையை அடுக்கிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் முதல்வர், உபயதாரர், இன்னும் இரண்டு பிரமுகர்கள். உபயதாரர் மைக்கைப் பிடித்துப் பெண் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் மைக் செத்தது. விசிறிகள் நின்றன. கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் ஓடினேன்.

பின்சுவரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. அதன் அடியில்தான் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். அதன் முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். அவர்தான் அதை அணைத்திருந்தார். மைக் செட்காரர் பக்கத்தில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! “உனக்கு அறிவில்லையா? விழா நடக்கிறது தெரியலையா? யாரைக் கேட்டு இதைத் தொட்டே?” என்று கத்தினேன். என்னைவிட மூத்தவர் அவர். ஆனாலும் ‘நீ’ என்றுதான் எனக்கு வாயில் வந்தது.

அவர் அசரவில்லை. “வையுறத அப்புறமா வையுங்க டீச்சர். மொதல்ல பிள்ளைகள வெளிய கூட்டியாங்க” என்றார்.

“ஏன்?”

ஜெனரேட்டருக்கு நாலு அடி தள்ளி ஒரு கதவு இருந்தது. பெரிய பூட்டு. பழைய கட்டுமானச் சாமான் கிடக்கும் அறை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் காட்டினார்.

“உள்ள சாக்குச் சாக்கா சரவெடி இருக்கு. திரிக்கட்டு இருக்கு. கம்பெனில எடம் இல்லன்னு போன வாரம் இங்கன கொண்டாந்து போட்டாக. நாந்தான் சொமந்து அடுக்குனேன். காலைலயே சொல்லணும்னு வந்தேன், மொதலாளி நின்னாக, பயந்துட்டுப் போயிட்டேன். இந்த மெஷின் சத்தம் கேக்கவும் வீட்டுல இருக்க முடியல.”

நான் கீழே பார்த்தேன். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அந்தக் கதவைப் பார்த்துத்தான் இருந்தது. எண்ணெய் ஊற்றும்போது சிந்தியது தரையில் கதவு வரைக்கும் ஓடியிருந்தது. திட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர் நாலு எட்டு பின்னால் போனார். “சத்தம் கூடத்துக்குள்ள வராம இங்கன வைக்கச் சொன்னாக, வச்சேன். எனக்குத் தெரியாதும்மா” என்று புலம்பினார். அந்த அறையின் மறுபக்கச் சுவரில் சாய்ந்துதான் என் மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கூடத்துக்குள் ஓடி, பெட்டியைக்கூட எடுக்க விடாமல் அத்தனை பேரையும் எதிரே இருந்த பொட்டல் வரைக்கும் விரட்டினேன். காரணத்தைச் சொன்னால் நெரிசலாகிவிடும் என்று பயந்து, “கேக்காதீங்க, நடங்க” என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் வந்த உபயதாரர் அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். நான் சாவியைக் கேட்டேன். “சாவி சிவகாசியில இருக்கு டீச்சர். உள்ள வெறும் காகிதம்தான். இவ கிறுக்கச்சி, இவ பேச்சப் போயி…” என்று சிரித்தார்.

“காகிதம்னா மறுபடியும் ஜெனரேட்டரை ஓட விட்டுட்டு, நீங்க இந்தக் கதவுல சாஞ்சு நில்லுங்க” என்றேன். அவர் நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, “நாளைக்குக் கம்பெனி வேன் ஏற வந்துராத” என்று மட்டும் சொன்னார்.

முதல்வர் என்ன செய்தார் என்கிறீர்களா? என்னைத் தனியே அழைத்து, “ஜெனரேட்டரைத் தள்ளி வச்சா போச்சு. உபயதாரரை ஏம்மா பகைச்சுக்கிறே?” என்றார். பிரமுகர்கள் மிக்சரும் காப்பியும் முடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். உயிரோடு வெளியே நின்ற நாற்பது பெண்களைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முகாமை ஊருக்குள் இருந்த தொடக்கப்பள்ளிக்கு மாற்றினேன். அந்தப் பள்ளியிலும் கரண்ட் இல்லை. தோழிக்குப் போன் செய்தேன். மறுநாள் மதியம் சோலார் தகடுகளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தார். மிச்ச நாளெல்லாம் நாலு விளக்குதான். மைக் இல்லை. தண்ணீரை மாணவிகள் கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள். கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் ஒருத்திகூட ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மதியமே சிவகாசி காவல் நிலையத்துக்குப் போய் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தேன். விசாரிக்க அதிகாரி வந்தது புதன்கிழமை. அப்போது அறை திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தரை ஈரமாக இருந்தது. காலி அறையை எதற்குக் கழுவினார்கள் என்று கேட்டேன். அவர் ‘பொருள் எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு மெமோவும் வந்தது, விழாவுக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் கேட்டு. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். முகாம் அறிக்கை அச்சாகி வந்தபோது ‘ஜெனரேட்டர் பழுதானதால் சூரிய ஒளி விளக்கு பயன்படுத்தப்பட்டது’ என்று இருந்தது. உபயதாரருக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நாள் அந்தப் பெண்ணைத் தேடி வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமையிலிருந்து வேன் அவர் வாசலில் நிற்பதில்லை. “நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“அத விடுங்க டீச்சர். சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல ஆள் வேணும்னு சொன்னாக. போய்ப் பாக்கணும்” என்றார். பிறகு, “பிள்ளைக சாப்பிட்டாகளா?” என்று கேட்டார்.

நல்லவேளையாக அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலை வேலை அவருக்குக் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார். அதன் பிறகு நான் நடத்திய எந்த முகாமிலும், கட்டடத்தின் எல்லாப் பூட்டையும் திறந்து பார்த்த பிறகுதான் மாணவிகளை உள்ளே விட்டேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். ஆனால் என்னை இன்றும் கொதிக்க வைப்பது அந்த முதலாளியின் சிரிப்பு மட்டுமல்ல. பேசினால் எதையும் இழக்கப்போகாத பிரமுகர்கள் விஷயம் தெரிந்தும் காரில் ஏறிப் போன அன்று, பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தும் ஜெனரேட்டரை அணைக்க வந்த ஒருத்தியைப் பார்த்து, ‘உனக்கு அறிவில்லையா’ என்று கேட்டது நான்தானே என்பதும்தான்.