ஓட்டை போடாத நான்கு டின்கள்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஸ்டோரிலிருந்து நான்கு காலி மண்ணெண்ணெய் டின்களைத் திருடினேன். தஞ்சோங் டாவாய்க் கடற்கரையில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தவர்கள், ஒழுகாத டின்னுக்கு உப்பும் கருவாடும் கொடுத்தார்கள். ஆனால் டின்களை அங்கே கொண்டுபோகும் படகுக்காரன் வரும்வரை அவற்றை என் வீட்டில் வைத்திருக்கப் பயம். அகப்பட்டால் தலை போகும்.

கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஒரு பெண். கணவனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். ஐந்து வயது மகளுக்குப் பட்டினியில் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. தரையில் எதை நட்டாலும் விளையுமுன் யாரோ தோண்டிக்கொண்டு போனார்கள்.

"டின்னுல சர்க்கரைவள்ளி வையிம்மா. பொழுது சாஞ்சா உள்ள இழுத்து வச்சிக்கலாம்" என்று நான்கையும் அவளிடம் கொடுத்தேன். மண் நிரப்பிய டின்னை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சந்தேகப்பட்டாலும் மாட்டுவது அவள். அவளோ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அடியில ஓட்டை போட்டுக்கவா, கிராணியாரே?"

"ஓட்டை கீட்டை போட்டுடாத. முழுசா எனக்குத் திரும்பி வரணும். அடியில கல்லு பரப்பு, தண்ணி அதுல எறங்கிக்கும்."

வெளியேற வழியில்லாத தண்ணீருக்குக் கல் என்ன செய்யும்? அது எனக்குத் தெரியும். என் மிளகாய்ச் செடி இருந்த வாளியின் அடியில் ஆணியால் ஆறு ஓட்டை போட்டவன் நான்.

அவள் ஆற்றிலிருந்து கூழாங்கற்களை மடியில் சுமந்து வந்து பரப்பினாள். மழை பிடித்தது. அவள் பால்மரம் வெட்டப் போகும் நேரமெல்லாம் டின்கள் வாசலில் நனைந்தன. கொடி மஞ்சளித்தது.

"என்னாக்கா, கெளுத்தி வளக்கிறியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வளந்தா ஒனக்கும் ஒண்ணு தரேன்டி" என்று சொல்லிக்கொண்டே இவள் டின்னைச் சாய்த்து நீரை வடித்தாள். நான் பார்த்துக்கொண்டு போனேன். ஓர் ஆணி போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் கவிழ்த்தபோது கறுத்த சேறும் அழுகிய வேரும் கொட்டின. கிழங்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் பிள்ளை இறந்தது. கிழங்கு விளைந்திருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. அந்தத் 'தெரியாது' எனக்கு ஒருநாளும் உதவவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் டின்களைத் தேய்த்துக் கழுவி என் வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"கல்லு கொறச்சலா போட்டுட்டேனோ, கிராணியாரே?"

"ஆமாம்மா, இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கணும்" என்றேன்.