குப்புறப் படுத்து ஓநாய் மேய்த்தவன்

என் தம்பி ஓநாய் வளக்கறான். சிரிக்காதீங்க. ஃபோன்லதான். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு ஓநாய்க் கூட்டத்தை வெச்சுக்கிட்டு, வேட்டைக்கு அனுப்பி, குட்டி வளத்து, காயத்துக்கு மூலிகை தேடித் திரியற ஒரு விளையாட்டு. நாப்பத்திமூணு வயசு, லிஃப்ட் மெக்கானிக், கல்யாணம் வேண்டாம்னுட்டு என்கூடத்தான் இருக்கான். "ஊரெல்லாம் பிள்ளை குட்டியோட இருக்கு, நீ ஓநாய்க் குட்டியோட இருடா"ன்னு நான் திட்டாத நாள் இல்லை.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு, பொய் சொல்ல வராது. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா கதவுக்கு வெளியில நின்னு, "இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும், உட்காந்துக்குங்க"ன்னு சொல்வான். "ரெண்டே நிமிஷம்னு சொன்னா என்னடா, பாவம், பயந்து போயிருப்பாங்கல்ல?"ன்னு கேட்டேன். "மூணாவது நிமிஷம் என்ன சொல்றது?"ன்னான். நானோ டிரை கிளீனிங் கடையில இருபது வருஷமா துணி வாங்கி வெச்சுக்கிட்டு, "நாளைக்கு சாயங்காலம் கண்டிப்பா ரெடி"ன்னு சொல்றவ. ஒரே வயித்துலதான் ரெண்டு பேரும் பொறந்தோம்.

போன மாசம் அவன் வலது கண்ணுல பாதி இருட்டாயிடுச்சு. விழித்திரை கழண்டிருச்சுன்னாங்க. ஆபரேஷன் பண்ணி, கண்ணுக்குள்ள வாயுவை அடைச்சு, பத்து நாள் குப்புறப் படுக்கணும், தலையைத் தூக்கக்கூடாது, ஃபோன் பக்கமே போகக்கூடாதுன்னாங்க. கிளம்பறப்ப டாக்டரம்மா வராந்தாவுல என்னை நிறுத்தினாங்க. "திரை ஒட்டிக்கும்மா. ஆனா நடுப்பார்வை திரும்பறது பாதிக்குப் பாதிதான். உயரத்துல ஏறி வேலை பாக்கறது சந்தேகம். அவர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"ஐயோ வேண்டாம், நானே பக்குவமா சொல்லிக்கறேன்"னு கேட்டு வாங்கிக்கிட்டேன். உள்ள போய், "எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டாங்கடா"ன்னேன். நாளைக்கு சாயங்காலம் ரெடி!

வீட்டுக்கு வந்ததும், கட்டில் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கற மாதிரி வளையத் தலகாணி வெச்சு, அதுல முகத்தைப் பதிச்சு, தரையைப் பாத்தபடி கிடந்தான். ஒரே ஒரு உதவிதான் கேட்டான். "அக்கா, ஓநாயைப் பாத்துக்கோ. ஒரு நாள் விட்டாலும் பட்டினி."

"என் தலையெழுத்து"ன்னு ஃபோனை எடுத்தேன்.

"எடுத்த எடுப்புல காடெல்லாம் சுத்தாதே. புதுசா வர்றவங்க எல்லாரும் அந்தத் தப்பைத்தான் பண்றாங்க. மேல பச்சைக் கோடு தெரியுதா? அது உன் தெம்பு, நடக்க நடக்கக் குறையும். தீந்துட்டா குட்டிக்கு ஊட்டக்கூட முடியாது. மூணுல ஒரு பங்கை எப்பவும் மிச்சம் வை."

"ஒரு பெரிய மான் நிக்குதுடா. அடிச்சிரட்டுமா?"

"முயல் போதும் இப்போதைக்கு. மானுக்குப் போனா வேட்டைக்குப் போற நாலும் நொண்டிக்கிட்டு வரும்."

"தலைவனை அனுப்பறேனே. நல்லா வாட்டசாட்டமா இருக்கான்."

"அவனுக்கு அடிபட்டா மொத்தக் கூட்டமும் சோந்து போயிடும். மோப்பம் பிடிக்க ஒண்ணு, துரத்த ரெண்டு, மடக்க ஒண்ணு. அந்த நாலை மாத்தாதே. சேந்து போகப் போகத்தான் பழகும்."

"வெளியில ஒரு தனி ஓநாய் என்னையும் சேத்துக்கோங்குது. பாவமா இருக்குடா."

"இறைச்சி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுப் பாவப்படு. தினம் காலையில பத்து மணிக்கு அங்க நாள் மாறும். மாறும்போது வாய்க்கு அஞ்சு குறையும். நமக்கு ஒன்பது வாய், மூணு குட்டியையும் சேத்து. அப்புறம் குகையில சாம்பல்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் தொடாதே."

"சரி சரி, எனக்கும் புத்தி இருக்கு"ன்னுட்டேன். கடைசியில சொன்னது காதுலயே ஏறலை.

மூணே நாள்ல பைத்தியம் பிடிச்சுப் போச்சு எனக்கு. கடையில ஒரு அம்மா கோட்டை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க, நான் முயல் துரத்திக்கிட்டிருக்கேன். குட்டிங்கள்ல ரொம்பச் சின்னது பேரு பொடி. காது ஒண்ணு மடங்கி இருக்கும். ஊட்டினா ஒரு குதி குதிக்கும் பாருங்க, அடடா.

நாலாம் நாள்தான் அந்தச் சாம்பல் கண்ணுல பட்டுது. கிழட்டு ஓநாய். குகையை விட்டு நகராது. எங்க கடையில யாராவது கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா எனக்குப் பொறுக்காது, உடனே இஸ்திரிப் பெட்டியைக் கையில குடுத்துடுவேன். "சும்மா உக்காந்து திங்கறியா நீ?"ன்னு அதையும் வேட்டைக்கு விரட்டினேன்.

மறுநாள் பத்து மணிக்கு நாள் மாறிச்சு. "காவல் இல்லாத குகையிலிருந்து பொடி காணாமல் போய்விட்டது"ன்னு எழுத்து வந்துச்சு. சாம்பல் சும்மா உக்காந்திருக்கலை. அதுதான் குட்டிங்களுக்குக் காவல். தொங்கற கோட்டுங்களுக்குப் பின்னாடி போய் நின்னு அழுதேன். சொன்னா வெக்கக்கேடு. ஒரு ஃபோன் குட்டிக்காக!

சாயங்காலம், "குட்டிங்க எப்படி இருக்கு?"ன்னான்.

"ஜோரா இருக்கு. பொடிதான் ஒரே ஆட்டம்"னேன். கண் தெரியாமக் கிடக்கறவன்கிட்ட எதுக்குச் சொல்லி வருத்தணும்? அதோட, தலை திருப்ப முடியாத மனுஷனோட முதுகைப் பாத்துப் பொய் சொல்றது ரொம்பச் சுலபம். அஞ்சு நாளா அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தேன்.

அடுத்த நாள் எனக்கு லீவு. பத்தேகால் இருக்கும். "இறைச்சி எவ்வளவு இருக்கு?"ன்னான்.

"எம்பது."

"நேத்து ராத்திரி?"

"நூத்தி இருபது"ன்னு சொல்லிட்டேன்.

"நாப்பத்தஞ்சு குறைஞ்சிருக்கணும் அக்கா. நாப்பதுதான் குறைஞ்சிருக்கு. எந்தக் குட்டி?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாம். என் புளுகு ரெண்டு நாள்கூடத் தாங்கலை. "பொடிடா"ன்னேன். "நான்தான் சாம்பலை அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கோடா."

"எல்லாரும் முதல்ல ஒரு குட்டியை அப்படித்தான் தொலைப்பாங்க. நானும் தொலைச்சிருக்கேன்"னு தரையைப் பாத்தே சொன்னான். அப்புறம், அதே குரல்ல, "டாக்டரம்மா வராந்தாவுல உன்கிட்ட என்ன சொன்னாங்க?"ன்னான்.

"அதான் சொன்னேனேடா, எல்லாம்..."னு ஆரம்பிச்சேன். கட்டிலுக்கு வெளியே தொங்கின அவன் கை போர்வை நுனியைக் கசக்கிக்கிட்டே இருந்துச்சு. எத்தனை நாளா அப்படிக் கசக்கிக்கிட்டிருந்தானோ, நான் பாக்கவே இல்லை.

முதுகுகிட்ட இதைச் சொல்ல முடியாதுன்னு தோணிச்சு. முட்டிவலியைப் பாக்காமத் தரையில உக்காந்து, அப்படியே மல்லாந்து படுத்து, தலகாணி வளையத்துக்குக் கீழே நகந்து போனேன். ஆறு நாளுக்கு அப்புறம் இப்பத்தான் அவன் முகத்தை நேராப் பாக்கறேன். ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணு செவந்து வீங்கி, தூங்காத முகம்.

"பாதிக்குப் பாதிதான்டா. நடுப்பார்வை வரலாம், வராமலும் போகலாம். லிஃப்ட் குழிக்குள்ள ஏறி இறங்கற வேலை இனிமே சந்தேகம்னாங்க"ன்னேன்.

அவன் மூச்சை விட்டான். நல்ல கண்ணுலேர்ந்து ஒரு சொட்டு என் கன்னத்துல விழுந்துச்சு.

"அத்தனைதானா?"

"அத்தனைதான்டா. சத்தியமா."

"ரெண்டு கண்ணுமே போயிடும்போலன்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் அக்கா"ன்னான். "இல்லேன்னா நீ ஏன் அவ்வளவு சந்தோஷமாப் பேசப் போறேன்னு."