காப்புக் கட்டிய லீவு

லோஜினிக்குப் பிள்ளை இல்லை என்று புசல்லாவைத் தோட்டமே கவலைப்பட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம். புருஷன் கணேஸ் கட்டாரில் லொறி ஓட்டுகிறான்; இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இருபது நாள் லீவு. அவள் கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்துகொண்டு, ஐந்து பெண்களோடு ஒரே போர்டிங் அறையில் படுத்து எழும்புகிறாள். "வீட்டக் கட்டிக்கிட்டுப் பெத்துக்குவோம்" என்று ஆரம்பத்தில் தள்ளிப்போட்டது இவர்கள்தான். போட்ட அத்திவாரத்தில் இப்போது புல் முளைத்துக் கிடக்கிறது. குறை யாரிடம் என்று ஊர் கேட்கிறதே! அட, பிள்ளை என்ன தபாலில் வருகிற சாமானா?

மாமி வடிவம்மா நல்ல மனுஷிதான். மருமகளுக்கு முப்பத்தேழாகிவிட்டதே என்ற பதைப்பில் கோயிலில் நேர்ந்துகொண்டாள். பூசாரி லோஜினியின் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். நாற்பத்தெட்டு நாள் விரதம். அதுவரை புருஷனும் பெண்சாதியும் ஒரு பாயில் படுக்கக் கூடாது. கணேஸ் சித்திரையில்தான் வருவான் என்று நினைத்துச் செய்த காரியம். கம்பனிக்காரனோ மாசியிலேயே லீவு கொடுத்து அனுப்பிவிட்டான். காப்புக் கட்டிப் பன்னிரண்டாம் நாள் அவன் வந்து நிற்கிறான்!

அவளும் கடையில் லீவு சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். லீவு முழுக்க அவன் முன்னறையில், அவள் உள்ளே மாமிக்குப் பக்கத்தில். வரிசையாய்க் கட்டிய தோட்டத்து லய வீட்டின் சுவர் மெல்லிசு. அவன் புரண்டு படுத்தாலும் கேட்டது. அவன் கட்டாரில் இருந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு தனிமை இருந்ததில்லை.

புறப்பட மூன்று நாள் இருக்கையில், அடுப்படியில் கணேஸ் மெதுவாகக் கேட்டான். "நாளைக்கிக் கண்டிக்குப் போவோமா? ரூம் போட்டுத் தங்கிட்டு வருவோம். சாமான் வாங்கப் போறோம்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம்."

அவளுக்கு ஆசை தொண்டைவரை வந்தது. பயம் அதை விழுங்கிவிட்டது.

"சாமிக் குத்தமாகி, பொறக்குற புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

அவன் முன்னறைக்குத் திரும்பிப் போனான். மூன்றாம் நாள் விமானமேறிவிட்டான். ஒரு ராத்திரி போய்த் தங்கியிருக்கலாமே என்று அவள் கண்டிக் கடையில் புடவை மடித்துக்கொண்டே மனசுக்குள் அழுதாள்.

நாற்பத்தெட்டாம் நாள் பூசாரி காப்பை அவிழ்த்து, நெற்றியில் விபூதி வைத்தார். "இனிமே புருஷனும் நீயும் ஒன்னா இருக்கலாம்மா. ஆத்தா கண்ணத் தொறப்பா."

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லோஜினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டாள்.

"ஒன்னா இருக்க அவரு எங்க மாமி இருக்காரு?"

வடிவம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயில் படியிறங்கும்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த லீவுக்கு வருவாந்தானே, லோஜினி."

"வருவாரு மாமி. அப்ப எனக்கு முப்பத்தொன்பது."