கறளும் புளியும்

வேண்டுமென்றே இரும்பில் கறள், அதுதான் துரு, வளர்க்கும் மனிதனை என் மச்சான் வாழ்நாளில் கண்டதில்லை. நானும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சென்ட் லோரன்ட்டில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் ஹீட்டர் பழுதாகி, "ரெண்டு நாள்" என்று அதே நகரின் இன்னொரு பக்கம், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மூன்று கிழமையாகியும் அசையவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. எந்நேரமும் என் கதிரையில்தான் உட்கார்ந்திருப்பார். மட்டக்களப்பில் யுத்தத்தில் பட்டதெல்லாம் போதாதென்றா துவக்கு வாங்கினவர் என்று தங்கச்சியிடம் கேட்பார், எனக்குக் கேட்கும்படியாக.

நான் வாங்கியது குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடிக்கும் பழைய மாதிரித் துவக்கு. துண்டுதுண்டாக வந்ததை நானே பூட்டிக்கொண்டிருந்தேன். அதன் குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்ற வேண்டும். அமிலக் கரைசலைத் தடவி, மெல்லிய கறள் படியவிட்டு, தேய்த்து, மறுபடி தடவ வேண்டும். ஈரம் இருந்தால்தான் கறள் வரும். நவம்பரில் ஹீட்டர் போட்ட வீட்டில் உதடே வெடிக்கிறது, கறள் எங்கே வரும்? குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் குழலைக் கயிற்றில் தொங்கவிட்டேன். வெறுங்கை பட்டால் கையின் எண்ணெய் ஒட்டி, அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. அதனால் கையுறையோடுதான் வேலை. மச்சான் கதவைத் தட்டத் தட்ட நான் திறக்கவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஐந்து நாளில் ஆறு பூச்சு. இன்னும் ஒன்று போட்டால் முடிந்தது. மான் வேட்டைக் காலம் தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வேலையால் வந்து பார்த்தால், குழல் குசினி மேசையில் பேப்பர் விரித்துப் பளபளவென்று கிடக்கிறது. பக்கத்தில் புளிச் சக்கை.

"மச்சான், முழுக்கக் கறள் ஏறிக் கிடந்திச்சு," என்று சிரித்தார் அவர். "புளியும் உப்பும் போட்டு விடியத் தொடக்கம் தேய்ச்சன். இப்ப பாருங்க, குத்துவிளக்கு மாதிரி இருக்கு."

மூன்று கிழமையில் என்னோடு அவர் நேரே பேசிய முதல் பேச்சு. அவருடைய விரல்நுனிகள் சிவந்து வெடித்திருந்தன. சமாதானத்துக்கு வருகிறார் என்று எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும். நான் வெறுங்கையால் குழலைப் பறித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உங்கள ஆர் தொடச் சொன்ன? வெளிய போங்க!"

அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

பிடியில்லாத, மருந்தில்லாத வெறுங்குழல். அது அவருக்கும் தெரியும். சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய கைகளுக்குத்தான் தெரியவில்லை. நான் குழலை மேசையில் வைத்தேன். அவர் மெல்லக் கைகளை இறக்கினார். என்னையும் சத்தம் கேட்டு வந்து நின்ற தங்கச்சியையும் பாராமல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டும் பனியில் பஸ் தரிப்புக்கு நடந்தார்.

"கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

நான் கூப்பிடவில்லை. அப்போதும் எனக்குக் கோபம் போகவில்லை.

அடுத்த நாளே முதலிலிருந்து தொடங்கினேன். புளியில் கழுவியதே போதும் என்று எண்ணெய் போக மறுபடி கழுவவில்லை. ஏழு பூச்சில் குழல் நன்றாகப் பழுத்து வந்தது, ஓரிடத்தைத் தவிர. அங்கே நாலு விரலும் பெருவிரலும் பதிந்த அடையாளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மச்சானின் வேலை என்று திட்டிக்கொண்டே கையுறையைக் கழற்றி, என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தின.