துட்டி கேட்க வந்த விளம்பரங்கள்

அப்பா இறந்த வாரத்தில் அவரைப் பற்றி என் வலைப்பூவில் எழுதினேன். வண்டிப்பெரியாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் வேலை. ஓய்ந்த நேரத்தில் எஸ்டேட் கதைகளை எழுதிப் போடுவது பழக்கம். அந்தப் பதிவில் பெரிதாக ஒன்றும் இல்லை. தேயிலை பேக்டரிக்கு வெயில் காலத்திலும் குடையோடு போகிற மனிதர், மழையில் யார் நனைந்து வந்தாலும் குடைக்குள் இழுத்துக்கொள்வார், அதனாலேயே பாதி நனைந்து வீடு திரும்புவார் என்று எழுதியிருந்தேன். போட்டதோடு சரி. மறுபடி அதைத் திறந்து பார்க்கத் தெம்பில்லை.

அவரை அடக்கம் செய்த நாட்களில் விடாத மழை. குமுளிக்குக் கீழே மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தங்கள் ஒருவராலும் ஏறி வர முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குத் துட்டி கேட்பது என்றால் இழவு வீட்டுக்கு நேரில் வந்து, கையைப் பிடித்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவது. போனில் விசாரிப்பதெல்லாம் கணக்கில் சேராது. பாதை திறந்த பிறகோ அவரவருக்கு அவரவர் பாடு. “அந்த மனுசனுக்கு ஒரு துட்டி இல்லாமப் போச்சே” என்று அம்மா அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எஸ்டேட் வரிசை வீட்டில் அது பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

சில மாதங்களில் அந்தப் புலம்பல் நின்றது. அம்மாவின் முகம் தெளிந்தது. போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஜெபப் பாட்டு கேட்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்பாவின் வருஷப் பூசைக்கு, அதாவது முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு, நாள் குறித்ததும் வேறு தொல்லை பிடித்தது. கோயில் ஹால் கிடைக்குமா, பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்களை ஏற்றி வர ஜீப்பு சொல்லி வைக்கலாமா என்று ஓயாத கேள்வி. அக்கம்பக்கத்தாருக்கும் பங்குச் சாமியாருக்கும் சோறு போட ஜீப்பு எதற்கு? ஊர் மெச்ச விருந்து வைக்கப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் கத்தியே விட்டேன். அம்மா பாட்டுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நினைவு அட்டைக்கு அப்பாவின் படம் தேவைப்பட்டது. பதிவோடு போட்டிருந்த படத்தை எடுக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பதிவைத் திறந்தேன். கீழே பின்னூட்டங்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன. ஒரு நொடி மனசு குளிர்ந்தது. வாசிக்க ஆரம்பித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ‘மிக அருமையான செய்தி, இதைத்தான் நீண்ட நாட்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்’ என்றது ஒன்று. அப்பா செத்தது அருமையான செய்தியாம். அடுத்தடுத்து எடை குறைக்க மாத்திரை, வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி, சீட்டாட்டம். எல்லாம் ஏதோ ஒரு இயந்திரம் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போகிற விளம்பரக் குப்பை. ஆங்கிலத்தில் வந்தவற்றைப் போனே தமிழாக்கிக் காட்டியது. மொத்தத்தையும் அழித்துத் தொலைக்கலாம் என்று போன விரல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பதில் இருந்தது. அதுவும் என் பெயரில்.

முடி கொட்டுவதற்கு மருந்து விற்கிற ஒரு விளம்பரம், ‘உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. நானும் இழந்தவன். இப்போது மீண்டும் அடர்த்தியாக வளர்ந்துவிட்டது’ என்றிருந்தது. அதற்குப் பதில்: ‘வந்து கேட்டதுக்கு சந்தோசம் தம்பி. வருசப் பூசைக்கு அவசியம் வரணும்.’ சீட்டாட்டக்காரனுக்கு, ‘நல்லா இருங்கய்யா, சாப்பிடாமப் போகக் கூடாது.’ அம்மாவின் போனிலும் என் கணக்குதான். மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அண்டாவும் ஜீப்பும் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. துட்டிக்கு வந்தவர்களை வருஷப் பூசைக்கு அழைத்துச் சோறு போடாமல் விட்டால் எங்களில் அது பெரிய குறை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை மாதமும் அம்மாவைத் தேற்றியவர்கள் இவர்கள்தான். ஒரு மனுஷரும் வரவில்லை என்று சொன்னால் பழையபடி அடுப்படியில் நின்று புலம்புவாள். சொல்லாமல் விட்டால் பூசையன்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை நினைக்கவே முடியவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, “அந்த முடி வளந்த தம்பியுமா?”

அவனும்தான் என்றேன்.

“அவன் அப்பன் செத்ததுக்கு மொட்ட போட்டது வளந்துட்டுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு மெதுவாக, “ஏட்டி, அப்ப ஒருத்தருக்கும் சோறு வேண்டாமா?”

வேண்டாம்மா, மிஷினுக்கு வயிறு கிடையாது என்றேன்.

“அப்பாடா” என்று காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். இத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது என்று பூசைக்கு நாள் குறித்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். சிலர் வெளிநாட்டு ஆட்கள் மாதிரி தெரிந்ததால் நம் காரம் அவர்களுக்கு ஆகுமா என்று வேறு கவலை. நான் பயந்த அழுகை வரவேயில்லை. முன்பு வராத சிரிப்பு அப்புறம்தான் வந்தது, இரண்டு பேருக்கும்.

சேர்ந்தே உட்கார்ந்து அழித்தோம். ஒவ்வொன்றையும் நான் அழிக்க அழிக்க, “போயிட்டு வாங்கய்யா” என்று அம்மா விடை கொடுத்தாள். முடி வளர்ந்த தம்பிக்குக் கொஞ்சம் தயங்கினாள். கடைசியில் பதில் இல்லாத சில பின்னூட்டங்கள் மட்டும் மிஞ்சின. அவை ஏன் என்று கேட்டேன்.

“அதெல்லாம் விளம்பரம்லா. இங்கிலீசு எழுத்தாவே கெடந்துச்சு, நான் தொடல” என்றாள்.

அவை விளம்பரங்கள் இல்லை. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். அது என்ன மொழி என்று போனுக்கே பிடிபடாமல் அப்படியே விட்டிருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. மனுஷர்களை விளம்பரம் என்று தள்ளிவிட்டு, விளம்பரங்களுக்குப் பந்தி விரிக்கப் பார்த்திருக்கிறாள்.

ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். என்னோடு படித்தவள் ஒருத்தி, அப்பாவிடம் சைக்கிள் கற்றுக்கொண்ட ஒருவர். அடுத்தது, பேக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்து, பிறகு திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர். ‘அண்ணன் குடைக்குள்ள நானும் நடந்திருக்கேன். சேதி கேட்டதும் கெளம்பி கம்பம் வரைக்கும் வந்தேன். பாதை அடச்சிட்டாங்க. அங்கனயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். மதினி எப்படி இருக்காங்க?’

அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு, போனை வாங்கி மைக்கை அமுக்கினாள்.

“தம்பி, துட்டிக்கு வந்ததா வச்சுக்கிட்டேன். பூசைக்கு வந்திரு. பாதை இப்போ தொறந்துதான் கெடக்கு.”