இளநீரோடு முடித்த உபவாசம்

முதலில் வீங்கியது கணுக்கால். பள்ளிக் கேண்டீனில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவளுக்கு இது வராதா என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு நுழையாமல் போன பிறகுதான் கிள்ளானில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எண் சீட்டோடு உட்கார்ந்தேன். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்திச் சுத்திகரிப்பது).

என்னைப் போலவே டயாலிசிஸ் ஊசி குத்திய கையோடு இதைப் படிக்கும் உங்களிடம் என் முட்டாள்தனத்தை மறைக்கப்போவதில்லை.

எங்கள் சபையில் வெள்ளி முதல் ஞாயிறு வரை உபவாச ஜெபம் வந்தது. "முழு இருதயத்தோட நம்புறவங்க மெஷினை நம்ப மாட்டாங்க, சிஸ்டர்," என்றார் ஜெபக்குழுத் தலைவி. சுருக்கென்றது. என் விசுவாசத்தை இன்னொருத்தி எடை போடுவதா? வீம்பு ஏறியது.

"வேணாம்லா எஸ்தர், சொன்னா கேளு," என்று கெஞ்சினார் பண்டமாரானில் லோரி ஓட்டும் என் கணவர் டேவிட். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகாமல் ஜெபத்தில் உட்கார்ந்தேன். கடைசி நாள் மாலையில் இளநீர் குடித்து உபவாசத்தை முடிப்பது எங்கள் சபை வழக்கம். ஞாயிறன்று தாகத்தில் இரண்டு காய் குடித்தேன்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு (இதயத் துடிப்புக்குத் தேவையான உப்பு, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும்). திங்கள் காலை கால்கள் மரத்துக் கிடந்தன. மூச்சு விட முடியவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர், இதய வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "என்ன ஆன்டி குடிச்சீங்க?"

"இளநீர்."

"டயாலிசிஸ்?"

"ஜெபத்துக்குப் போயிட்டேன்."

அவர் திட்டவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா, அங்கிள்கிட்ட நான் வேற மாதிரி பேசியிருப்பேன்," என்றார். டேவிட் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். எனக்கு அவமானமாக இருந்தது.

வீடு திரும்பியதும் தலைவி தொலைபேசியில் அழைத்தார். எனக்குள் சந்தேகம் இருந்ததாம், அதனால்தான் சுகம் கிடைக்கவில்லையாம். சாவுவரை போய்வந்தவளுக்குச் சந்தேகமாம்!

வேதத்தை மூலமொழியில் படிக்கும் ஆசையில், சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் எபிரெய மொழி வகுப்புக்குப் போகிறவள் நான். வகுப்பை நடத்தும் ரூத் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, யூதருக்கு வருஷத்துல ரொம்பப் பரிசுத்தமான உபவாச நாள் ஒன்னு இருக்கு. அன்னிக்குக்கூட உயிருக்கு ஆபத்துன்னா நோயாளி சாப்பிட்டே ஆகணும். பிடிவாதமா பட்டினி கிடந்தா, அதுதான் தப்பு."

எபிரெயர் மனச்சாட்சியின் இடமாகச் சிறுநீரகத்தை நினைத்தார்கள் என்றும் சொன்னார். கடவுள் இருதயத்தோடு அதையும் சோதிக்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அது 'உள்ளிந்திரியங்கள்' என்று நிற்கிறது. விசுவாசம் என்பதும் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதல்ல, உறுதியாக நிற்பது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் வெட்கப்பட்ட உறுப்பையா அவர் பார்க்கிறார்? நன்றாகப் பார்க்கட்டும்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம் (கடவுள் செய்த நன்மையைச் சபைமுன் சொல்வது). சுகமானவர்கள்தான் மைக் பிடிப்பார்கள். நான் கேட்டு வாங்கினேன். சட்டைக்கையை மடித்து, புடைத்திருந்த ஃபிஸ்டுலாவைக் காட்டினேன் (ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்).

"எனக்குச் சுகமாகல. நாளைக்கு மெஷினுக்குப் போறேன். புதன்கிழமையும் போவேன். இது அவிசுவாசம்னா என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. நித்திய ஜீவன் தர்றவரு, இந்த ஜீவனத் தூக்கிப் போடச் சொல்லல."

தலைவி வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். டேவிட் மட்டும் எழுந்து நின்றார்.

வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். முகம் ஊதியிருந்தது. "அக்கா, நானும் டயாலிசிஸ்தான். போன வாரம் ரெண்டு தடவ போகல. நாளைக்கு உங்களோட வரட்டுமா?"

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே கார்ல ஏறு, எமர்ஜென்சிக்குப் போவோம்," என்றேன்.

நித்தியம் செத்த பிறகு தொடங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காரில் அவளுடைய மூச்சிரைப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோது, அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று பட்டது. அதில் ஒரு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க," என்றேன் டேவிட்டிடம்.