வாளிக்கு வெளியே ஒரு நாற்றம்

முப்பது வருஷத்தில் அந்த பிளம்பருக்கு ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை. பார்த்த சாக்கடையிலெல்லாம் தோள்வரை கையை விட்டுத் துழாவுவார். கழுவிய ஈரம் காயுமுன் மூன்று தட்டுச் சோற்றை உள்ளே தள்ளுவார். அடைப்பில் வந்ததை வாளியில் போட்டு வீட்டுக்காரருக்குக் காட்டாமல் விடமாட்டார்.

அன்று மனைவியின் தம்பி வீட்டுச் சமையலறைக் குழாயிலிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டியை இழுத்து வாளியில் போட்டார். மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எம்பொண்ணு கல்யாணத்துக்கு உங்க மூத்தவன் பேன்ட் சட்டையில வரட்டும். பொம்பள மாதிரி வந்து நின்னா அருவருப்பா இருக்கும்."

பிளம்பருக்கு முதல் தடவையாக வயிற்றைப் புரட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாமா, நாத்தம் தாங்கலையா?"

"தாங்கல மாப்ள. ஆனா வாளி நாத்தம் இல்ல. மூத்தவன் இல்லடா, மூத்தவ. உன் அக்காவும் நானும் கடை கடையா ஏறி அவளுக்குச் சிவப்பு கவுன் எடுத்திருக்கோம். அதுலதான் வருவா. வேணாம்னா நாங்க யாருமே வரல."

மச்சான் முகத்தைச் சுளித்தார். பிளம்பர் கட்டியை எடுத்துக் குழாய்க்குள்ளேயே திரும்ப அமுக்கினார்.

"ஐயோ மாமா, என்ன பண்றீங்க?"

"வேற ஆளப் பாரு. இந்த வீட்ல எனக்குக் குமட்டுது."

தெருமுனை தாண்டியதும் அவருக்கு நன்றாகப் பசித்தது.